வலி வரும் வரை காத்திருக்கலாமா?



தோட்டத்தில் ஒரு கல்யாணம் நடந்தால், கடைசியில் குடும்பத்தை வரிசையாக நிற்க வைத்துப் படம் பிடிப்பார்கள். படம் எடுப்பவர், "கொஞ்சம் சிரியுங்கள்" என்பார். இளம்பிள்ளைகள் சிரிப்பார்கள். நாற்பதைத் தாண்டிய தாய்மார் பலர் உதட்டை இறுக மூடிக்கொள்வார்கள். சிலருடைய கை சேலைத் தலைப்பை வாயருகே கொண்டு போகும். பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் அவர்களுக்கு மகிழ்ச்சி இல்லையா? இருக்கிறது. பல் விழுந்த இடம் படத்தில் தெரிந்துவிடுமே என்ற கூச்சம்தான் காரணம்.

"வயதானால் பல் விழத்தானே செய்யும்" என்று நாம் மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். அது சரியன்று. பெரும்பாலும் பல்லைப் பறிப்பவை சொத்தை, ஈறு நோய் என்ற இரண்டு நோய்களே. இவை இரண்டும் தொடங்கும்போது வலிப்பதில்லை. வலிக்காததால் நாம் கவனிப்பதும் இல்லை. கன்னம் வீங்கி, இரவு முழுவதும் தூக்கம் கெட்ட பிறகுதான் மருந்தகத்துக்கு ஓடுகிறோம். அப்போது பல வேளைகளில் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. ஆகவே, இன்று நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: வாயைப் பொறுத்தவரை வலி என்பது முதல் அறிகுறி அன்று, அது காலம் கடந்து வரும் அறிகுறி.

சொத்தை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நம் பற்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் இனிப்பு உண்ணும்போது அவையும் அதை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலோட்டை அரிக்கிறது. மேலோட்டில் நரம்பு இல்லை; எனவே வலி இல்லை. அரிப்பு உள்ளே இறங்கி நரம்பைத் தொடும்போதுதான் உயிர் போகிற வலி எடுக்கிறது. கிராம்புத் தைலம் வைத்தால் சற்று நேரம் வலி அடங்கும். ஆனால் சொத்தை நிற்காது. வலி மாத்திரையை நசுக்கி ஈற்றில் வைப்பவர்களும் உண்டு. அதைச் செய்யவே கூடாது. ஈறு வெந்து புண்ணாகிவிடும்.

இனிப்பு உண்ட பின் ஏறக்குறைய அரைமணி நேரம் அமிலம் வேலை செய்கிறது. பிறகு உமிழ்நீர் அதைத் தணிக்கிறது. எனவே, எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் பெரிய கேள்வி. டின் பால் கலந்த தேநீரை உணவு வேளையில் ஒரே தடவையாகக் குடித்து முடிப்பவர் ஒருவர். அதே தேநீரைப் பிளாஸ்கில் கொண்டு போய், நிரைக்கு நிரை ஒரு மிடறு குடித்துக்கொண்டே இருப்பவர் மற்றொருவர். இரண்டாமவருடைய பற்களுக்குக் காலை முழுவதும் ஓய்வே இல்லை. வேலைக்கு நடுவில் தாகம் எடுத்தால் வெறும் தண்ணீர் போதும்.

இதே தவறு குழந்தைகளுக்கும் நேர்கிறது. விடியற்காலையில் வேலைக்குப் போக வேண்டுமே என்று, குழந்தை அழாமல் தூங்க இனிப்புப் பால் புட்டியை வாயில் வைத்துவிடுகிறோம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரக்கும். பால் பல்லைச் சுற்றியே தங்கிவிடும். இரண்டு மூன்று வயதுக்குள் மேல்வரிசை முன்பற்கள் கறுத்துக் கரைந்து போவது இப்படித்தான். "பால் பல் தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடலாமா? பால் பற்கள் இருபதும் பின்னால் வரும் பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கின்றன. காலத்துக்கு முன் அவை போனால், வரும் பற்கள் கோணலாக முளைக்கக்கூடும்.

இன்னொரு செய்தியையும் பெற்றோர் அறிய வேண்டும். ஏறக்குறைய ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எதுவும் விழாததால் இவற்றையும் பால் பற்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். இவை ஆயுள் முழுமைக்கும் உரிய பற்கள். இவை போனால் வேறு முளைக்காது.

இனி, பல் துலக்குவது பற்றி. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம் முன்னோர் கண்ட நல்ல வழக்கங்கள். ஆனால் கரித்தூளும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்த்து மெலிய வைக்கும். இன்று நமக்குத் தேவை மென்மையான பிரஷும் புளோரைடு கலந்த பற்பசையும்தான். புளோரைடு என்பது அரிப்பைத் தாங்கும் வலிமையைப் பல்லுக்குத் தரும் ஒரு தாது உப்பு. மலேசிய அரசாங்கம் 1972 ஆம் ஆண்டில் குழாய் நீரில் இதைச் சேர்க்கும் திட்டத்தை நாடளாவிய நிலையில் ஏற்றது. ஆயினும் எல்லா மாநிலங்களிலும் அந்த நீர் கிடைப்பதில்லை. கிணற்று நீரையும் ஆற்று நீரையும் நம்பியிருப்போருக்கும் அந்தப் பலன் இல்லை. அவர்களுக்குப் பற்பசையே துணை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் பற்பசை போதும். காலையில் ஒரு முறை, இரவு படுக்குமுன் ஒரு முறை, இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட நேர்ந்தாலும், இரவில் துலக்குவதை விடாதீர்கள்.

துலக்கும்போது ஈற்றில் இரத்தம் கசிந்தால், பலர் பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. அழுக்கு தங்கியதால்தான் ஈறு கசிகிறது. அங்கே இன்னும் மென்மையாகவும் கவனமாகவும் துலக்க வேண்டும். சில நாளில் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைவில் பற்றும். ஈறு நோய் முற்றினால் இனிப்பு நீரைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிவிடும்.

கடைசியாக, வெற்றிலை. மூத்தவர்களின் மனம் நோகச் சொல்லவில்லை. அவர்கள் நீடு வாழவே சொல்கிறோம். புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 1985 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004 ஆம் ஆண்டில் அதே மையம் உறுதியாகக் கூறியது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடையே அதிகம். நம் பெண்களும் இதற்குப் பெருமளவில் ஆளாகிறார்கள். இந்த நோயும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. எனவே கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு இருக்கிறதா? இரண்டு வாரமாகியும் ஆறாத புண் உண்டா? மிளகாய் பட்டால் வாய் எரிகிறதா? மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். தொடக்கத்திலேயே பார்த்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்கும் தாதியருக்கென 1949 ஆம் ஆண்டிலேயே பினாங்கில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பள்ளிகளில் இந்தச் சேவை இன்றும் இலவசமாக நடந்து வருகிறது. ஆசிரியர் கொடுத்தனுப்பும் ஒப்புதல் பாரத்தைக் கண்டு, "பிள்ளை அழுவானே" என்று கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சின்னச் சொத்தையை அடைப்பது சில நிமிட வேலை. பெரியவர்களும் வலி இல்லாதபோதே ஆண்டுக்கு ஒரு முறையாவது அரசாங்கப் பல் மருந்தகத்துக்குப் போய் வரலாம்; அங்கே கட்டணம் சிறிதுதான்.

நேயர்களே, இன்றிரவு படுக்குமுன் ஒரு காரியம் செய்வோம். பிள்ளைகளை விளக்கு வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்போம். பிறகு, வீட்டில் இருக்கும் பாட்டியின் வாயையும் பார்ப்போம். அவர் முதலில் வெட்கப்படுவார், பரவாயில்லை. வலி வருவதற்கு முன்னே நாம் பார்த்துவிட்டால், அடுத்த கல்யாணப் படத்தில் ஒருவரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியிராது.