தாய்க்குத் தொழில், பிள்ளைக்குப் பராமரிப்பு: இரண்டும் ஒன்றாக வேண்டும்

எமது திருகோணமலை மாவட்டத்தில், குறிப்பாக மூதூர், கிண்ணியா பகுதிகளில், ஏழைப் பெண்களுக்கு ஸகாத் நிதியில் தையல் இயந்திரம் வழங்குவது யாவரும் அறிந்ததே. வழங்கும் நாளில் புகைப்படம் எடுக்கிறோம். ஆறு மாதம் கழித்து அது ஓடுகிறதா என்று போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. ஓடாமல் மூலையில் நிற்கும் வீடுகளில் நான் கேட்டறிந்த காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பிள்ளையைப் பார்க்க ஆளில்லை.

கணவர் கடலுக்கோ கூலி வேலைக்கோ போய்விடுகிறார். முன்பள்ளி பகல் பன்னிரண்டுக்கு முன்பே முடிந்துவிடும். அங்கும் இரண்டு வயதுப் பிள்ளையைச் சேர்க்க முடியாது. பெருநாள் ஓர்டர் வந்தால் உம்மும்மா பிள்ளையைப் பார்க்க வேண்டும். அவரும் இல்லையென்றால் மூத்த மகள் பாடசாலைக்குப் போகாமல் வீட்டில் நிற்பாள். தாயின் வறுமை மகளுக்குக் கைமாறுவது இந்த இடத்தில்தான்.

மூதூர் ஷாபி நகரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கை நாம் மறக்கவில்லை. 2005இல், பதினேழு வயதில், கடவுச்சீட்டில் வயது கூட்டப்பட்டு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். பயிற்சி எதுவுமில்லாத அவரிடம் கைக்குழந்தை ஒன்று ஒப்படைக்கப்பட்டது. அக்குழந்தை இறந்தது, 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவரை அனுப்பியது வறுமை. அதே ஆண்டில் அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் பணிப்பெண்களாக வெளிநாடு செல்லத் தடை விதித்தது; 2022இல் அது தளர்த்தப்பட்டது. தடையின் நோக்கம் நல்லது. ஆனால் அந்தத் தாய் ஊரிலேயே உழைக்க வழி என்ன என்பதற்கு அதில் பதில் இருக்கவில்லை.

உதவிகள் இல்லாமலில்லை. 1973 முதல் திரிபோஷா இருக்கிறது, அது தாயினதும் குழந்தையினதும் போஷாக்குக்கு. 1995இல் சமுர்த்தி வந்தது, 2023இல் அஸ்வெசும வந்தது, அவை குடும்பத்தின் செலவுக்கு. முன்பள்ளி வேறொரு நிர்வாகத்தின் கீழ். ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்கிறது. ஒரே வீட்டுக்கு வந்தாலும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

சேர்த்துச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு அனுபவங்களைச் சொல்லலாம். ஜமைக்காவில் 1986-87இல், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதார ஊழியர்கள் இரண்டு ஆண்டுகள் வாராவாரம் சென்று, பிள்ளையோடு பேசுவது, விளையாடுவது எப்படி என்று தாய்க்கே கற்றுக்கொடுத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அப்பிள்ளைகளின் வருமானம் மற்றவர்களினதை விட சுமார் 25 சதவீதம் கூடியிருந்தது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. இரண்டாவது, பங்களாதேஷில் பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிய திட்டம். மிக வறிய பெண்களுக்கு மாடு அல்லது ஆடு கொடுத்ததோடு நிற்காமல், அது பலன் தரும்வரை வீட்டுச் செலவுக்கு உதவித்தொகை, பயிற்சி, சுகாதார உதவி என்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடவே நின்றார்கள்.

இது எமக்குப் புதிய சிந்தனையல்ல. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி அவர்கள் 'அல்-மஜ்மூஃ' நூலில், தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலுக்குப் போதுமான கருவியோ முதலோ ஸகாத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும் என விளக்குகிறார். காய்கறி விற்பவருக்கு ஐந்து அல்லது பத்து திர்ஹம் போதும், ஆபரண வியாபாரிக்குப் பத்தாயிரம் திர்ஹமும் தேவைப்படலாம் என்று தொழிலுக்குத் தொழில் அளவு காட்டுகிறார். அளவுகோல், போதுமா என்பதுதான். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாத தாய்க்கு இயந்திரம் மட்டும் போதுமா?

மஹல்லா மட்டத்தில் இதைச் செய்வது பெரிய வேலையல்ல. எட்டுப் பத்துப் பெண்களின் இயந்திரங்களை ஒரே இடத்தில் வைத்து, பக்கத்து அறையில் பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளைகளைப் பகல் இரண்டு மணிவரை பார்த்துக்கொள்ளலாம். தயிர், கருவாடு செய்யும் பெண்களுக்கு வேலை விடியலில் தொடங்குவதால் நேரத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும். குடும்பநல மாதுவை மாதமொரு முறை அங்கேயே வரவழைத்தால் நிறை பார்ப்பதும் நடக்கும்.

செலவு விடயத்தில் ஒரு கவனம். ஸகாத் ஏழையின் கைக்கே உரிமையாகச் சேர வேண்டும் என்பதால், கட்டிடத்துக்கும் பராமரிப்பவரின் சம்பளத்துக்கும் அதைப் பயன்படுத்துவதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே இயந்திரமும் முதலும் ஸகாத்திலிருந்தும், அறையும் சம்பளமும் ஸதகா அல்லது வக்ஃப் வருமானத்திலிருந்தும் என்று தொடக்கத்திலேயே இரண்டு கணக்குப் புத்தகங்கள் வைத்துக்கொள்வது நல்லது.