வீட்டுக்குள் ஓநாயும் ஒட்டகச்சிவிங்கியும்

எண்பதுகளில் டென்மார்க்குக்கு வந்த எங்களுக்கு வேலை இடத்தில் பொறுமையாகக் கதைக்கத் தெரியும். அரைகுறை டெனிஷில், கையால் சைகை காட்டியாவது விளங்கப்படுத்திவிடுவோம். ஆனால் வீட்டில், சொந்த மொழியில், சொந்தப் பிள்ளையோடு கதைக்கும்போதுதான் இரண்டாவது வசனத்திலேயே குரல் உயர்கிறது. மூன்றாவது வசனத்தில் அறைக்கதவு அடித்துச் சாத்தப்படுகிறது.

ஏன் இப்படி? "அடியாத மாடு படியாது" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பெரியவர் சொன்னால் பிள்ளை கேட்கும், அத்தோடு கதை முடிந்துவிடும். எங்கள் பிள்ளைகள் வளரும் நாட்டிலோ, பெற்றோர் பிள்ளையை அடிக்கும் உரிமை 1997இல் சட்டத்தால் முற்றாக நீக்கப்பட்டுவிட்டது. இங்கே ஆசிரியரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். காரணம் கேட்பதும் மறுத்துச் சொல்வதும் வகுப்பறையில் நல்ல மாணவரின் அடையாளம். அதே பழக்கத்தோடு பிள்ளை வீட்டில் "ஏன்?" என்று கேட்டால், எங்கள் காதில் அது வாய்க்காட்டலாக விழுகிறது.

டென்மார்க்கில் பல பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு வழி இருக்கிறது: 'ஒட்டகச்சிவிங்கி மொழி'. அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் (1934–2015) உருவாக்கிய வன்முறையற்ற தொடர்பாடல் முறைக்கு இங்கே வழங்கும் பெயர் அது. பெரிய இதயமும் தூரம் பார்க்கும் கழுத்தும் உள்ள ஒட்டகச்சிவிங்கி ஒரு பக்கம். குற்றம் சாட்டி, தீர்ப்புச் சொல்லிக் கடிக்கும் ஓநாய் மறுபக்கம்.

இதில் நான்கு படிகள் உள்ளன. நடந்ததை மட்டும் சொல்வது முதலாவது. அது எங்களுக்குத் தந்த உணர்வைச் சொல்வது இரண்டாவது. அந்த உணர்வுக்குப் பின்னால் இருக்கும் தேவையைச் சொல்வது மூன்றாவது. செய்யக்கூடிய ஒன்றைக் கேட்பது நான்காவது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஹெர்னிங்கில் இருக்கும் ஒரு குடும்பத்து மகள், "படிக்க ஓகூசுக்குப் போறன், அறையும் பார்த்திட்டன்" என்கிறாள். பதினெட்டு வயதாகிவிட்டால் அரசின் படிப்புதவிப் பணம் அவள் பெயருக்கே வரும். காசைக் காட்டி மறிக்க முடியாது. "உனக்கு எங்களைப் பற்றி நினைப்பே இல்லை, சனம் என்ன சொல்லும்?" என்பது ஓநாய். அவள் போகத்தான் போவாள். எங்களோடு கதைப்பதைத்தான் நிறுத்துவாள்.

ஒட்டகச்சிவிங்கி இப்படிச் சொல்லும்: "அறை எடுத்ததை இண்டைக்குத்தான் சொல்றாய். எனக்குப் பயமாயும் கவலையாயும் இருக்கு. நீ பாதுகாப்பாய் இருக்கிறாய் எண்டு தெரிஞ்சால்தான் எனக்கு நித்திரை வரும். ஒருநாள் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டுவியா?"

இதில் அப்பாவின் மரியாதை எங்கும் குறையவில்லை. கோபத்துக்கு அடியில் கிடந்த பயம் வெளியே வந்தது, அவ்வளவுதான். பயத்தை எங்கள் ஆண்கள் வாய்விட்டுச் சொல்லிப் பழகவில்லை. இந்த நான்கிலும் கடினமானது அந்த இரண்டாம் படிதான்.

நான்காம் படியிலும் கவனம் வேண்டும். "இல்லை" என்ற பதிலையும் ஏற்கத் தயாராக இருந்தால்தான் அது வேண்டுகோள். இல்லாவிட்டால் அது இனிப்புப் பூசிய கட்டளை. பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னும் சில விடயங்கள். கோபம் தலைக்கேறினால் "நாளைக்குப் பின்னேரம் கதைப்பம்" என்று நிறுத்தலாம். ஆனால் சொன்ன நேரத்தில் கட்டாயம் கதைக்க வேண்டும். பிள்ளையோடு கதைக்க முதல் சித்திக்கும் மாமிக்கும் போன் எடுத்துச் சொல்லக்கூடாது. பாடசாலைச் சந்திப்பில் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்கக்கூடாது. தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே பெற்றோருக்குச் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் பாரம். தமிழில் சொல் வராமல் பிள்ளை டெனிஷுக்கு மாறினால் மறிக்காமல் கேட்போம். மொழியைத் திருத்த வேறு நேரம் இருக்கிறது.

வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் இந்த முறை போதாது. அங்கே வெளி உதவி வேண்டும். பிள்ளைகள் 116 111 என்ற சிறுவர் தொலைபேசிக்கு அழைக்கலாம் என்பதை நாங்களே அவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

யுத்தம் எங்கள் குடும்பங்களை எத்தனை நாடுகளுக்குச் சிதறடித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மிஞ்சியிருப்பவர்களையும் ஒரு வாய்ச்சண்டையில் இழக்க வேண்டுமா? இன்றிரவு சாப்பாட்டு மேசையில், ஒரே ஒரு வசனத்தை "நீ" என்று தொடங்காமல் "எனக்கு" என்று தொடங்கிப் பார்ப்போம்.