எந்த இணைப்பு மலிவு?

தக்காளிக்குப் பெயர்போனது ராயக்கோட்டைச் சந்தை. சில்லறையாக வாங்குவதைவிடக் கூடையாக வாங்கினால் கிலோ விலை குறையும். ஆனால் உங்கள் வீட்டுக்கு இரண்டு கிலோதான் தேவை என்றால்? மீதி அழுகிப்போகும். அப்படியானால் மலிவாக வாங்கினோம் என்று சொல்ல முடியுமா?

வீட்டுக்கு பிராட்பேண்ட் இணைப்பு வாங்குவதும் இப்படித்தான். ஓசூர் போன்ற நகரங்களில் பல நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

'அ' நிறுவனம் மாதம் 400 ரூபாய்க்கு வினாடிக்கு 30 மெகாபிட் வேகம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஆ' நிறுவனம் 600 ரூபாய்க்கு 100 மெகாபிட் தருகிறது. முதலில் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியைச் சேர்க்க வேண்டும். இப்போது 'அ' 472 ரூபாய். 'ஆ' 708 ரூபாய். ஒரு மெகாபிட்டுக்கு 'அ'வில் 15 ரூபாய் 73 காசு. 'ஆ'வில் 7 ரூபாய் 8 காசுதான். 'ஆ' பாதி விலை அல்லவா?

அவசரப்படாதீர்கள். நம் தேவை எவ்வளவு?

தெளிவான எச்.டி. படம் பார்க்க வினாடிக்குச் சுமார் 5 மெகாபிட் போதும். ஒரே நேரத்தில் மூன்று பேர் பார்த்தாலும் 15 மெகாபிட்தான். அந்த வீட்டுக்கு 'அ'வே தாராளம். 'ஆ'வை வாங்கினால் ஆண்டுக்கு 2,832 ரூபாய் கூடுதல் செலவு. பயன்படாத வேகத்தை நாளைக்கென்று எடுத்துவைக்க முடியாது. அது அழுகிய தக்காளிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விளம்பரத்தில் வருவது மெகாபிட். கோப்பின் அளவைக் குறிப்பது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 100 மெகாபிட் வேகத்தில் வினாடிக்கு 12.5 மெகாபைட்தான் வந்துசேரும். மாத அளவுக்கு வரம்பு உண்டா என்றும் கேளுங்கள். எச்.டி. படம் ஒரு மணி நேரம் ஓடினால் 2.25 ஜிகாபைட் செலவாகும். வரம்பைத் தாண்டினால் வேகம் வெகுவாகக் குறைக்கப்படும்.

இனி மலைக்குப் போவோம். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையில் உள்ளது நாட்றாம்பாளையம். இத்தகைய ஊர்களில் வேகத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதுதான் இணைப்பு அறுபடாமல் இருப்பது. ஒளியிழை என்பது தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை. மரம் விழுந்தோ சாலை தோண்டும்போதோ அது அறுந்தால், முனைகளை உருக்கி ஒட்ட வேண்டும். அதற்குக் கருவியும் ஆளும் வந்தாக வேண்டும். கம்பியில்லா இணைப்பு என்றால் ரேடியோ அலைகளை மலை மறைக்கும்.

'அ' இணைப்பு மாதத்தில் பத்து நாள் வேலை செய்யவில்லை என்று கொள்வோம். 472 ரூபாயை 20 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 23 ரூபாய் 60 காசு. 30 நாளும் இயங்கும் 'ஆ'வுக்கும் அதே 23 ரூபாய் 60 காசுதான்! மலிவு எங்கே போயிற்று? அந்தப் பத்து நாளில் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளும் இருந்தால், இழப்பை ரூபாயில் அளக்கவே முடியாது.

தேர்ந்தெடுக்க இரண்டு நிறுவனங்கள் இல்லாத ஊர்களும் உண்டு. அதனால்தான் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஒளியிழை கொண்டுசெல்ல பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டது.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ இணைப்பு இயங்காத நாட்களை ஒரு மாதம் குறித்து வையுங்கள். வரியுடன் சேர்ந்த கட்டணத்தை இயங்கிய நாட்களால் வகுங்கள். அண்டை வீட்டாரின் கணக்கோடு ஒப்பிடுங்கள். எது மலிவு என்று உங்கள் நோட்டுப் புத்தகமே சொல்லும்.