வரி வாங்கும் கையில் தடியா?

உத்தராகண்ட் ராஜ்யத்தின் மலைப் பிரதேசங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் ரெவினியூ போலீஸ் முறையைப் படிப்படியாக ஒழித்து, அதன் எல்லைகளை ராஜ்யப் போலீஸுடன் சேர்த்துவிடுவதென அந்த ராஜ்யத்து மந்திரிசபை 2022 அக்டோபரில் தீர்மானித்தது. முதற்படியாக 6 போலீஸ் ஸ்டேஷன்களும் 20 அவுட்போஸ்டுகளும் திறப்பதென்று ஏற்பாடு. இத்தீர்மானத்தை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். ஆயினும், ‘படிப்படியாக’ என்னும் சொல்லைக் கேட்கும்போது நமக்குக் கவலை உண்டாகாமலில்லை.

ரெவினியூ போலீஸ் என்பது யாது? பிரிட்டிஷார் 1815-ல் கூர்க்கர்களிடமிருந்து குமாவுனைக் கைப்பற்றினர். நிலவரி வேலைக்கென்று 1819-ல் பட்வாரிகளை நியமித்தனர். நாளடைவில் போலீஸ் அதிகாரமும் அவர்களிடமே வந்து சேர்ந்தது. 1861-ல் போலீஸ் சட்டம் பிறந்த பின்னரும் இம்மலைகளில் பெரும்பாலும் பழைய ஏற்பாடே நீடித்தது. நம் பக்கத்தில் முன்னாளில் கர்ணமும், இந்நாளில் கிராம நிர்வாக அதிகாரியும் பார்க்கும் வேலையே பட்வாரியின் வேலை. அவரே நிலத்தை அளப்பார், அவரே கணக்கெழுதுவார், கொலை நடந்தால் துப்புத் துலக்கிக் கைது செய்பவரும் அவரே. துப்பாக்கியில்லை, தடய சாஸ்திரப் பயிற்சியில்லை. ராஜ்யத்தின் பரப்பில் பாதிக்கு மேற்பட்ட பகுதி இவ்விதம் ஆளப்பட்டு வந்தது.

இமயத்து விவகாரம் தமிழருக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இதே நோயை அனுபவித்துத் தீர்ந்தவர்கள் நாம். சென்னை மாகாணத்தில் 1816-ம் வருஷத்து ரெகுலேஷன்படி தாசில்தாரே போலீஸ் தலைவராகவும் இருந்தார். வரி கேட்பவனும் குற்றம் விசாரிப்பவனும் ஒருவனேயானபடியால், குடியானவன் முறையிடப் போக்கிடமின்றித் தவித்தான். கிட்டி கட்டுதல், அண்ணாந்தாள் முதலிய சித்திரவதைகளால் வரிப் பாக்கியும் வசூலாயிற்று. குற்ற ஒப்புதலும் வாங்கப்பட்டது. இதை விசாரிக்க 1854-ல் நியமிக்கப்பட்ட கமிஷன் 1855-ல் அறிக்கை வெளியிட்டு, அக்கொடுமைகளை உலகறியச் செய்தது. அதன் பின்னரே 1859-ம் வருஷத்து 24-வது சட்டத்தால் ரெவினியூவினின்று பிரிக்கப்பட்ட தனிப் போலீஸ் இங்கே நிலைபெற்றது. நாம் 1859-ல் பெற்ற பிரிவினையை, சுதந்திரம் பெற்று 75 ஆண்டுகள் சென்ற பின்னர்தான் மலைவாசிகளுக்கு அளிக்க மந்திரிசபை முன்வந்தது.

பட்வாரி முறைக்கும் நியாயம் பேசுவோர் உளர். மலைகளில் குற்றம் குறைவு, செலவு சொற்பம், பட்வாரி ஊராரை அறிந்தவர், ஊராரும் அவரை அறிவர் என்கின்றனர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆடு திருட்டும் வரப்புச் சண்டையும் மட்டுமே இருந்த காலத்துக்கு அது போதுமானதாயிருந்திருக்கலாம். இன்று நெடுஞ்சாலையும், சுற்றுலா விடுதியும், பணம் படைத்த வெளியாரும் மலையேறிவிட்டனர். குற்றமும் அவர்களுடன் ஏறிவிட்டது.

2018 ஜனவரியில் நைனிதால் ஹைகோர்ட், இம்முறையை ஆறு மாதத்திற்குள் ஒழிக்கும்படி உத்தரவிட்டது. ஆறு மாதமும் கழிந்தது. நான்கு வருஷமும் கழிந்தது. 2022 செப்டம்பர் 18-ந் தேதி, பௌரி ஜில்லாவில் ஒரு விடுதியில் வேலை பார்த்த 19 வயதுப் பெண் கொலையுண்டாள். அவ்விடம் ரெவினியூ போலீஸ் எல்லை. மகளைக் காணாது பரிதவித்த தந்தையின் முறையீட்டின் மேல் நாட்கள் வீணாயின. 22-ந் தேதி வழக்கு ராஜ்யப் போலீஸிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஒரே நாளில் மூவர் கைதாயினர். 2025 மே மாதத்தில் கோத்வார் கோர்ட் மூவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. கோர்ட்டு உத்தரவு அசைக்க மாட்டாத ஸர்க்காரை ஓர் ஏழைப் பெண்ணின் சடலமே அசைத்தது என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் குமுறுகிறது. அதன் பின்னும் வேகம் போதவில்லை. 2024-ல் ஹைகோர்ட் மறுபடியும் வற்புறுத்த நேர்ந்தது.

ஆனால், பலகையை மாற்றுவதால் மட்டும் நீதி வந்துவிடாது. பட்வாரியிடமிருந்த ஒரே நன்மை அவர் அருகில் இருந்தது. அவரை நீக்கிவிட்டு, ஒரு நாள் நடைத் தூரத்தில் ஸ்டேஷனை வைத்தால் மலைவாசிக்கு என்ன லாபம்? எல்லை எதுவாயினும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாமென்று 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. எட்டும் தூரத்தில் ஸ்டேஷன் இல்லாதவனுக்கு அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே. ஆகவே அவுட்போஸ்டுகள் நெருக்கமாக அமைதல் வேண்டும். குமாவுனியும் கட்வாலியும் அறிந்த மலைநாட்டு வாலிபரும் பெண்களும் அவற்றில் நியமனம் பெற வேண்டும். பட்வாரிகளின் பழைய வழக்குக் கட்டுகள் முறையாக ஒப்புவிக்கப்பட வேண்டும். துப்பறியும் பிரிவைப் பந்தோபஸ்து வேலையினின்று பிரிக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2006-ல் இட்ட கட்டளையை, புதிதாகத் தொடங்கும் இந்த ஸ்டேஷன்களிலேனும் முதல் நாளிலிருந்து அனுஷ்டிக்கலாம்.

மிச்சமுள்ள கிராமங்களுக்குத் தேதி குறித்து அறிவிப்பதே ஸர்க்காரின் கடமை. தேதியில்லாத சீர்திருத்தம் வாக்குறுதியோடு நின்றுபோகும். பட்வாரி நிலக் கணக்கைப் பார்க்கட்டும். போலீஸ் குற்றத்தைப் பார்க்கட்டும். இருவரையும் நீதிஸ்தலம் பார்க்கட்டும். மலையுச்சியில் வாழும் குடிமகனுக்கும் சமவெளியில் வாழ்பவனுக்கும் சட்டம் ஒன்றேயெனின், அதன் காவலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.