இன்ஜின் சூடாகலைன்னாலும் பிரச்சினைதான்



இந்த வார எபிசோடில் சென்சார் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று பேசினோம். நடுவில் என் எம்ஜிபி கதையைப் பாதியில் விட்டுட்டேன். மீதி இங்கே.

1972 மாடல், 1798 சிசி இன்ஜின். முந்தைய ஓனர் செல்சியஸ் கேஜும் எலெக்ட்ரிக் ஃபேனும் போட்டிருந்தார். போன கோடையில் நான் பெரிய அலுமினிய ரேடியேட்டரும் மாட்டினேன். மதுரையில் வளர்ந்தவனுக்குக் கார் என்றாலே ஓவர்ஹீட் பயம்தான். அப்பாவோட அம்பாசடரிலும் இதே பி-சீரிஸ் குடும்ப இன்ஜின், 1489 சிசி. மெக்கானிக் அண்ணன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்றது இன்னும் ஞாபகம் இருக்கு.

நவம்பர் வந்தது. லெஸ்டர் டிராஃபிக்கில் 80 டிகிரி காட்டும் கேஜ், எம்1-ல் ஏறினதும் 60-க்கு இறங்கியது. ஹீட்டரில் குளிர்காற்றுதான். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மயோனைஸ் மாதிரி வெள்ளைப் பசை. ஒரு கராஜில் காட்டினேன். "ஹெட் கேஸ்கெட் போச்சு, பிரிக்கணும்" என்றார்கள். அவங்க சொன்ன தொகையைக் கேட்டதும் காரையே வித்துடலாம்னு தோணுச்சு.

ஆனா கூலன்ட் ஒரு மாசமா குறையவே இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமா இருந்தது. பிரஷர் டெஸ்ட் பண்ணினேன், அழுத்தம் இறங்கலை. அப்போ அந்தப் பசை எங்கிருந்து வந்தது? பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் பக்கம் போகும். ஆயில் நல்லா சூடானால் அது வெளியேறிடும். சூடாகலைன்னா குளிர்ந்த மூடியில் படிஞ்சு, ஆயிலோட கலந்து வெள்ளையாகும். ஆக, சந்தேகம் கேஸ்கெட் மேல இல்லை, குளிர் மேல.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன்:

1. கேஜ் பொய் சொல்லுதா? தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினேன். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டித்தான் அளக்கணும். கேஜ் சொன்னது உண்மைதான்.

2. ஃபேன் ஓயாம ஓடுதா? வயரைக் கழற்றிவிட்டு எம்1-ல் ஓட்டினேன். அப்பவும் 60. அந்த வேகத்தில் எதிர்காற்றே போதும்.

3. மேல் ஹோஸ். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஃபேன், பெல்ட் பக்கம் போகாம ஹோஸைத் தொட்டுப் பாருங்க. தெர்மோஸ்டாட் சரியா இருந்தா ஹோஸ் ரொம்ப நேரம் ஜில்லுன்னு இருந்து, திடீர்னு சூடாகும். என்னுடையது இரண்டாவது நிமிஷத்திலிருந்தே மெதுமெதுவா வெதுவெதுப்பாச்சு. அதாவது, வழி எப்பவுமே திறந்திருக்கு.

4. இன்ஜின் முழுசா ஆறினதும் மூணு நட்டைக் கழற்றித் தெர்மோஸ்டாட்டை எடுத்தேன். வால்வு இடுக்கில் ஒரு துண்டு சிலிக்கான் சீலன்ட் மாட்டி, அதை மூடவிடாம பிடிச்சிருந்தது. அதை எடுத்துட்டு, சமையல் தெர்மாமீட்டரோட பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டேன். 82-ல் திறக்க ஆரம்பிச்சது. ஆறினதும் ஒழுங்கா மூடியது.

அந்த சீலன்ட்? ரேடியேட்டர் மாட்டின அன்னைக்கு நானே தாராளமா பூசினது.

இத்தனை நாளும் நான் திட்டினது ரேடியேட்டரை. அதன் முன்னால் அட்டைகூட வச்சுப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் சரியாச்சு, டிராஃபிக்கில் 100-ஐத் தொட்டுடுச்சு. பெரிய ரேடியேட்டர் கூடுதல் வெப்பத்தை வெளியேற்றும், அவ்வளவுதான். இன்ஜின் எந்தச் சூட்டுக்குக் கீழே போகக் கூடாதுன்னு காவல் காப்பது தெர்மோஸ்டாட். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிஞ்சு வால்வைத் தள்ளும். சென்சார், கண்ட்ரோலர், மோட்டார் எல்லாமே அந்த மெழுகுதான். கரன்டும் வேண்டாம், கோடும் வேண்டாம்.

புது 82 டிகிரி தெர்மோஸ்டாட், புது கேஸ்கெட் போட்டேன். ஆயிலையும் மாற்றினேன், ஏன்னா குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாத பெட்ரோலும் ஆயிலில் கலந்திருக்கும். இப்போ எம்1-ல் 84. ஹீட்டரில் கை சுடுது. வெள்ளைப் பசை திரும்ப வரலை.

உங்க பழைய வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கா, இல்ல யாராவது "எதுக்கு?"ன்னு கழற்றிட்டாங்களா? இந்த மெயிலுக்கே பதில் போடுங்க, அடுத்த எபிசோடில் பேசுவோம்.