உங்களுக்குத் தெரியுமா?
சிவகாசித் தொழிலாளிக்கும் அரணான சட்டம்

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான இந்தியச் சட்டத்தின் வேர், மகளிர் அமைப்புகள் கைகோத்து நடத்திய வழக்கில் இருக்கிறது. 1992இல் ராஜஸ்தானில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பெண் ஊழியர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். இதையடுத்து விசாகா, ஜாகோரி உள்ளிட்ட அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை நாடின. நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு 1997 ஆகஸ்ட் 13 அன்று 'விசாகா நெறிமுறைகளை' வகுத்தது. சட்டம் வரும்வரை எல்லாப் பணியிடங்களையும் அவையே கட்டுப்படுத்தின. 16 ஆண்டுகளுக்குப் பின், 2013இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது.

பெண்கள் பெருமளவில் வேலை செய்யும் விருதுநகர் மாவட்டப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்கும் இது பொருந்தும்:

• 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள ஆலையில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாகவும், உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்களாகவும் இருக்க வேண்டும். வெளியிலிருந்து தன்னார்வ அமைப்பினர் அல்லது இத்துறை அறிந்த ஒருவரும் இடம்பெறுவார்.

• 10 பேருக்கும் குறைவான பட்டறையில் வேலை செய்பவரும், முதலாளியே குற்றம் சாட்டப்படும்போது எந்தத் தொழிலாளியும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் அளிக்கலாம்.

• நிரந்தரப் பணியாளர் மட்டுமல்ல. தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கும் பாதுகாப்பு உண்டு.

• சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும்.

• குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.