இசைக் கருவி: புதியதா, பழையதா?

பழைய தறியை ஓட்டிப் பாராமல் நாம் வாங்குவதில்லை. வீட்டில் இசை கேட்கும் கருவிக்கும் அதே முறை பொருந்தும். பழையதென்று ஒதுக்கவும் வேண்டா. மலிவென்று மயங்கவும் வேண்டா. எவ்வுறுப்பு தேயும் என்றறிவதே முக்கியம்.

ஒலிபெருக்கியின் மரப்பெட்டி நெடுங்காலம் உழைக்கும். கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்போ 15, 20 ஆண்டுகளில் பொடிந்துவிடும்; ரப்பர் விளிம்பு அதனினும் நீடிக்கும். ஆம்ப்ளிஃபயரில் ஓயாத இரைச்சல் கேட்டால், மின்தேக்கிகள் உலர்ந்திருக்கக்கூடும். இசைத்தட்டுக் கருவியின் வைர முள் சுமார் 1,000 மணி நேரம் வரையே உழைக்கும். தேய்ந்த முள் தட்டையும் கெடுத்துவிடும்.

ஆகவே, அங்கத்தினர்கள் கருவியை அரைமணி நேரமேனும் இயக்கிக் கேட்டு, பழுது நீக்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தல் வேண்டும். அத்தொகை புதியதன் விலையை நெருங்குமாயின், உத்தரவாதமுள்ள புதியதே சிக்கனம்.